நூலகர் கண்ணீருடன் விடைபெற்றார்

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கதையையும் ஒரு நிகழ்ச்சியாக்கி, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்த என்னை மேடைக்கு இழுத்துவிடுவார்கள். பெங்களூரில் விவேக் நகருக்கும் ஈஜிபுராவுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாடி உயர்நிலைப் பள்ளி. படிக்கட்டுச் சுவர் முழுக்க வாசிப்பின் பெருமை பற்றி ஆங்கிலத்தில் பொன்மொழிகள். அவற்றைப் படித்துக்கொண்டே ஏறினால் மூன்றாவது மாடியில் நூலகம் வரும். நூலகம் பூட்டியிருக்கும்.

அந்தப் பூட்டின் சாவி ஜூன் மூன்றாம் தேதி ஓஸ்வால்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓஸ்வால்டுக்கு ஐம்பத்திரண்டு வயது, லிங்கராஜபுரத்துக்காரர். இருபத்தாறு வருடம் ஓர் ஆங்கில நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்தார். பிழைகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாளிதழ் முடிவெடுத்த அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு இரண்டு வருடம் வேலை இல்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. சர்ச் அறிவிப்புப் பலகை, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் என்று எதைப் பார்த்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்தார். கடைசியில் சமையலறை டப்பாக்களில் மனைவி மௌரீன் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளையும் திருத்தினார். மௌரீனின் பொறுமை அந்த இடத்தில்தான் அறுந்தது.

"இந்த வேலையாவது நிக்கணுங்க," என்று முதல் நாள் காலையில் டிபன் காரியரைக் கையில் கொடுத்து அவள் சொன்னாள். "திரும்பவும் நீங்க சிவப்புப் பேனாவோட சோபாவுல உக்காந்தா, நான் கேஜிஎஃப்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஜீசஸ் மேல சத்தியமா போயிடுவேன்."

மௌரீன் சொன்னால் செய்பவள். அவளில்லாத வீட்டை ஓஸ்வால்டால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பிழை திருத்துநருக்கு பெங்களூரில் வேறு யாரும் வேலை தரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எனவே என்ன ஆனாலும் இந்த நாற்காலியை விடுவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் பள்ளிக்கு வந்தார். வரும்போது நிருபமா மேடத்தை அவருக்குத் தெரியாது.

நூலகம் அங்கே ஆங்கிலத் துறையின் கீழ் வருகிறது. துறைத்தலைவி நிருபமா சீனிவாசராகவன். கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் திவானுக்கு ஓலை எழுதிய குடும்பம். எழுதியதற்கு மரியாதை கொடுப்பது மேடத்தின் ரத்தத்தில் இருந்தது. அவர் ஓஸ்வால்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களை உருவிக் கொடுத்தார்.

"இது ஜூன் மாசத்துப் பக்கம். மிச்சம் அந்தந்த மாசம் ஒண்ணாந்தேதி கிடைக்கும்."

ஓஸ்வால்ட் படித்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் தருகிறேன். அசலில் சர்க்கரை இன்னும் கொஞ்சம் தூக்கல். 'ஜூன் 19 அன்று வாசிப்பு வாரம் கோலாகலமாகத் தொடங்கியது. மாணவ மணிகள் புத்தகங்களை மார்போடு அணைத்து ஆனந்தத்தில் திளைத்தனர். அரங்கமே அதிர்ந்தது.' ஓஸ்வால்டின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"மேடம், வருஷம் தப்பா விழுந்திருக்கு. இது போன வருஷத்து ஆனுவல் ரிப்போர்ட்தானே?"

"இந்த வருஷத்தோடதுதான்."

"இன்னிக்கு மூணாந்தேதி. பத்தொம்பதாம் தேதி அரங்கம் அதிர்ந்ததுன்னு போட்டிருக்கு..."

"அதிரும்," என்றார் மேடம். பிறகு, புதியவர் என்பதால் இரக்கப்பட்டு விளக்கினார். "முன்னெல்லாம் நிகழ்ச்சிய நடத்திட்டு ரிப்போர்ட் எழுதிண்டிருந்தோம். தரமே இல்ல. ஒரு வருஷம் கவிதை வாசிக்கற பையன் மேடையிலயே வாந்தி எடுத்துட்டான். அதை எப்படி எழுதறது? நடந்ததை எழுதறதுக்கு நான் எதுக்கு, வாட்ச்மேன் எழுதிடுவார். அதனால மார்ச்லயே அடுத்த வருஷத்து ரிப்போர்ட்டை எழுதி, பிரிண்ட் பண்ணி, தரச்சான்று போர்டுக்கு அனுப்பிடறோம். எழுதினதை அப்படியே நடத்திக் காட்டறதுதான் மிஸ்டர் ஓஸ்வால்ட், ஸ்டாண்டர்ட். ஒம்பது வருஷமா ஒரு கமா மாறினதில்ல."

ஓஸ்வால்ட் சிவப்புப் பேனாவைத் திறந்தேவிட்டார். ஆனால் சோபாவும் கேஜிஎஃபும் ஞாபகம் வர, பேனாவை மூடிக்கொண்டார்.

ஜூன் பத்தொன்பது வந்தது. அணைப்பதற்கு வசதியாக நூலகத்தின் மூவாயிரத்து இருநூறு புத்தகங்களுக்கும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை சுற்றி, நாலு பக்கமும் ஒட்டி, நடுவில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஓஸ்வால்டும் இரண்டு ஆங்கில ஆசிரியைகளும் பத்து நாள் சுற்றினார்கள். மாணவர்கள் வரிசையாக வந்து அணைத்தார்கள். படம் எடுத்தார்கள். அரங்கம் போதுமான அளவு அதிரவில்லை என்று மேடம் முகம் சுளித்ததும் பி.டி. மாஸ்டர் தரையில் டம்பெல்ஸைப் போட்டார். அதிர்ந்தது.

வரிசையில் வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஆஷ்லி, தன் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இத எப்படித் தொறக்கறது?"

"இல்லம்மா. கட்டிப் பிடிச்சாப் போதும்."

"படிக்கறது எப்போ சார்?"

ஓஸ்வால்ட் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஜூனில் இல்லை.

ஜூலையிலும் இல்லை. ஆகஸ்டு பக்கத்தில் திறந்தவெளிப் பேச்சுப் போட்டி இருந்தது. 'போட்டியின் நடுவே எதிர்பாராமல் மழை கொட்டியது. ஆயினும் ஒருவரும் இருக்கையை விட்டு எழவில்லை. ஆங்கிலத்தின் மீது எம் மாணவர் கொண்ட காதல்தான் என்னே!' என்று எழுதியிருந்தது. ஆகஸ்டில் பெங்களூர் வெயிலை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள். மேடம் மழையை நம்பித்தான் எழுதியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து வெயில் சுட்டெரித்தது. பதினோரு மணி வரை வானத்தைப் பார்த்துவிட்டு மேடம் தண்ணீர் டேங்கருக்கு போன் செய்தார்.

எங்கள் ஊரில் டேங்கருக்காக ஜனங்கள் குடத்தோடு தெருவில் நிற்பதுண்டு. டேங்கரைக் கூப்பிட்டு நனைந்தவர்கள் சரித்திரத்தில் இவர்கள் மட்டுமே. டிரைவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். தொட்டி எதுவும் தென்படவில்லை. தண்ணீரை எங்கே விடுவது என்று கன்னடத்தில் கேட்டார்.

"மேடம், நீரு எல்லி ஹாக்லி?"

"மக்கள மேலே," என்றார் மேடம்.

குழந்தைகள் மேலே என்கிறாரே, தன் காதில்தான் கோளாறோ என்று டிரைவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். பிறகு கடவுள் விட்ட வழி என்ற பொருளில் கன்னடத்தில் ஏதோ சொல்லி, குழாயைத் திறந்தார். மேடையில் ஒன்பதாம் வகுப்பு ஷ்ரேயாஸ், 'ஒவ்வொரு சொட்டு நீரையும் சேமிப்போம்' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தான். முதல்வர் சந்தானம் அவசரமாகக் குடையை விரித்தார். அறிக்கையில் குடை இல்லை என்று மேடம் காதில் சொன்னதும் மடக்கினார். அறுநூறு பிள்ளைகள் எழாமல் உட்கார்ந்து, வாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்து, பக்கத்தில் இருந்தவன் மேல் துப்பினார்கள். வாழ்நாளில் அவர்கள் ஆங்கிலத்தை அவ்வளவு ரசித்ததில்லை. பரிசளிப்பு நடக்கும்போது நிஜமான மழை பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் உள்ள ஓடுங்கோ!" என்று மேடம் மைக்கில் கத்தினார். "ரெண்டாவது மழை ரிப்போர்ட்ல இல்ல!"

நவம்பரில் நூலக வார விழா. 'போக்குவரத்து நெரிசலால் நாற்பது நிமிடம் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர், காத்திருந்த மாணவர்களின் கட்டுப்பாட்டைக் கண்டு வியந்தார்.' சிறப்பு விருந்தினர் சுப்ரமணியன், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. நாலு நாள் தொடர் விடுமுறைக்கு இந்தப் பள்ளியைத் தவிர ஊரே மைசூர் பக்கம் போயிருந்ததால், அவருடைய கார் ஜெயநகரிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பத்து மணி விழாவுக்கு ஒன்பது ஐம்பதுக்கே மாலையை எதிர்பார்த்து இறங்கினார். மேடத்தின் முகம் வெளுத்தது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்க இன்னும் வரல," என்றார் மேடம். "மிஸ்டர் ஓஸ்வால்ட், சாரை சில்க் போர்டு வரைக்கும் கூட்டிண்டு போய் சரியா பத்து நாற்பதுக்கு கொண்டு வாங்கோ."

ஓஸ்வால்ட் முன் சீட்டில் ஏறினார். எந்நாளும் நெரிசலில் திணறும் சில்க் போர்டு சந்திப்பு வெறிச்சோடிக் கிடந்தது. நெரிசலைத் தேடி மூன்று தடவை மேம்பாலத்தைச் சுற்றினார்கள். ஒரு ஆட்டோகூடக் குறுக்கே வரவில்லை. சுப்ரமணியன் ஜன்னலை இறக்கிவிட்டுக் குழந்தைபோலச் சிரித்தார். "இந்த ரோட்டுல கீழே தரை தெரியறத இன்னிக்குத்தான் பாக்கறேன், மிஸ்டர் ஓஸ்வால்ட்! இன்னொரு ரவுண்டு போகச் சொல்லுங்க!" நாலாவது ரவுண்டில் ஒரு கல்யாண ஊர்வலமும் ஒரு கிரேனும் எதிரெதிரே வந்து நின்றன. பள்ளிக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. ஓஸ்வால்ட் அரங்கத்துக்குள் நுழைந்தார். சுவர்க் கடிகாரம் சரியாகப் பத்து நாற்பது காட்டியது. அதன் கீழே ஸ்டூலிலிருந்து மேடம் இறங்கிக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினர் மனம் விட்டுப் பேசினார். "அன்பான குழந்தைகளே! வாசிப்பின் அவசியத்தைப் பற்றி முன்னூற்றுப் பதினெட்டு மேடைகளில் பேசியிருக்கிறேன். அதற்காக நான் இழந்தது ஏராளம். படிக்க நேரமே கிடைத்ததில்லை. காலேஜை விட்ட பிறகு நான் ஒரு புத்தகம்கூட முழுசாகப் படித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அத்தனையும் உங்களுக்காக!" பசியில் துவண்டிருந்த பிள்ளைகள், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர் உற்சாகமாகி இன்னும் முக்கால் மணி நேரம் பேசினார். கடிகாரத்தை மேடம் மறுபடி நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

இதுவரைக்கும் ஓஸ்வால்ட் சமாளித்துவிட்டார். டிசம்பரில்தான் மாட்டிக்கொண்டார். 'எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், தான் படித்த நாவலைப் பற்றிப் பேசுகையில் தேம்பித் தேம்பி அழுதார். அவையே கலங்கியது.' அழுவதற்குத் தேர்வு வைத்தார்கள். எழுபத்திரண்டு பெண்களில் ஆஷ்லி வென்றாள். அன்று அவளுக்குக் கடுமையான ஜலதோஷம். பேச்சை மேடமே எழுதிக் கொடுத்து, எங்கே தேம்ப வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டார்.

அன்று மதியம் ஆஷ்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு வந்தாள்.

"சார், அந்தக் கதைப் புக்கைக் குடுங்க. ஏன் அழறேன்னே தெரியாம எப்படி சார் அழறது?"

நியாயமான கேள்வி. ஓஸ்வால்ட் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கத்தியால் பிளாஸ்டிக் உறையைக் கீறினார். புத்தக வாசம் குப்பென்று எழும்பியது. எழும்பியதும் அவருக்கே கண் கலங்கியது. வழங்கல் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். முதல் பக்கமே வெள்ளையாக இருந்தது. தேதி போட்டு, ஆஷ்லி, எட்டு பி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அந்தப் பெண் புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மேடையில் ஆஷ்லி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் புத்தகத்தை நிஜமாகவே படித்துவிட்டவளாயிற்றே. அழ வேண்டிய இடம் வந்தபோது, கதையில் மாமா வாத்துக்குத் தாலாட்டுப் பாடும் காட்சி ஞாபகம் வந்து தொலைத்தது. களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அந்த வாத்து..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்ன வாத்து என்று கேட்டு முன்வரிசை சிரித்தது, பிறகு அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. டம்பெல்ஸ் போடாமலே அதிர்ந்தது.

மறுநாள் ஓஸ்வால்டுக்கு மெமோ வந்தது. குற்றம்: அறிக்கையில் இடம்பெறாத வாசிப்புக்கு உடந்தையாக இருந்தது.

"படிச்சா இதுதான் ஆகும்," என்றார் மேடம், உண்மையான வேதனையோடு. "படிக்கற குழந்தை எங்க சிரிக்கும், எங்க அழும்னு யாராலயும் முன்கூட்டியே எழுத முடியாது. அதுக்குத்தான் கண்ணும் கருத்துமா பூட்டி வச்சிருக்கோம். உங்க மார்ச் பக்கத்தைப் பாத்து மனசைத் தேத்திண்டிருந்தேன். இல்லேன்னா இப்பவே பெரிய ஆக்‌ஷன் எடுத்திருப்பேன்."

மார்ச் பக்கத்தில் என்ன என்று ஓஸ்வால்ட் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒண்ணாந்தேதி வரை மேடம் சொல்லியிருக்க மாட்டார்.

மார்ச் ஒண்ணாந்தேதி பக்கம் வந்தது. ஓஸ்வால்ட் நின்றபடி படிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து முடித்தார். 'மார்ச் 27 அன்று பிரிவுபசார விழா. திருமணம் நிச்சயமாகி, மணாளருடன் கனடா நாட்டுக்குச் செல்லவிருக்கும் எம் நூலகர், வளையல் குலுங்கக் கண்ணீருடன் விடைபெற்றார். துறை அவரை வாழ்த்தி அனுப்பியது.'

படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டித் துறைத்தலைவியின் அறைக்கு ஓடினார்.

"மேடம், எனக்குக் கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷமாச்சு!"

"சந்தோஷம். உட்காருங்கோ," என்றார் மேடம். "முதல் தடவை ரிப்போர்ட் எழுதின வருஷம் ஸ்வர்ணான்னு ஒரு பொண்ணு லைப்ரரியன். அவளுக்கு அப்பவே நிச்சயமாகியிருந்தது, அதனால எழுதினேன். நன்னா அமைஞ்சது. அடுத்தடுத்த வருஷம் அதையே பாத்து எழுதறோம். வருஷத்தை மட்டும் மாத்துவோம்."

"அப்ப மத்த லைப்ரரியன்லாம்?"

"எல்லாரும் மார்ச் இருபத்தேழு விடைபெற்றா. போன வருஷம் இருந்தவர் ரிடையர்டு ஹவில்தார். அறுபத்தோரு வயசு. கைநிறைய வளையல் போட்டுண்டு சல்யூட் அடிச்சுட்டுப் போனார். என்ன ஒரு டிசிப்ளின்!" மேடம் கொஞ்ச நேரம் அந்தக் காட்சியில் லயித்திருந்தார். "நீங்க கல்யாணம்லாம் பண்ணிக்க வேண்டாம், மிஸ்டர் ஓஸ்வால்ட். அவ்வளவு நாங்க எதிர்பாக்கல. போனாப் போதும்."

ஓஸ்வால்ட் முதல்வரிடம் போனார். முதல்வர் சந்தானம் நல்ல மனிதர். எதிலும் தலையிடுவதில்லை. "மிஸ்டர் ஓஸ்வால்ட், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அதான் எனக்கும் வருத்தம்," என்றார். "ஆனா அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நானே. படிச்சதில்ல. படிக்காம கையெழுத்துப் போடறதுதானே ஒரு துறை மேல முதல்வர் வைக்கிற நம்பிக்கை? நானே போட்ட கையெழுத்தை நானே படிச்சா, அது எனக்கு நானே செய்யற அவமானம் இல்லையா?"

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மௌரீன் கரண்டியை அப்படியே அடுப்பில் போட்டாள்.

"கனடாவுக்கா? யாருங்க அவ?"

"அவ இல்ல மௌரீன், அவன். மணாளர்னு போட்டிருக்கு."

மௌரீன் அடுப்பை அணைத்தாள்.  பிறகு முழுக் கதையும் கேட்டு, ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்க ஆரம்பித்தாள். "இருபத்தெட்டாம் தேதி காலையில கேஜிஎஃப் பஸ்," என்றாள். ஓஸ்வால்ட் அந்த இரவு சாப்பிடவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அவர் அதைக்கூடத் திருத்தவில்லை. அவ்வளவு உடைந்து போயிருந்தார்.

மார்ச் பத்தாம் தேதி மேடம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஒரு கட்டு அச்சுப் பிரதி. அடுத்த வருடத்து ஆண்டறிக்கை.

"நீங்க நியூஸ்பேப்பர்ல ப்ரூஃப் பாத்தவராமே? போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்கோ. பாத்ததை நேரா பிரஸ்ஸுக்கு அனுப்பிடுங்கோ. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இருக்கப்படாது."

"திருத்தினதை நீங்க ஒரு தடவை பாக்க வேண்டாமா மேடம்?"

"ஒம்பது வருஷமா அதேதான். அதுல படிக்க என்ன இருக்கு?"

ஓஸ்வால்ட் கட்டை நூலகத்துக்கு எடுத்துப் போய் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தாள்களை மேடம் படிக்கப்போவதில்லை. முதல்வர் படிக்கப்போவதில்லை. அச்சகத்தில் யாரும் படிப்பதில்லை என்பது இருபத்தாறு வருட அனுபவம். தரச்சான்று போர்டு பக்கங்களை எண்ணும், எடை பார்க்கும். நாலு மாடி, அறுநூறு பிள்ளைகள், ஊரெல்லாம் பேர் வாங்கிய வாசிப்பு இயக்கம்; அத்தனைக்கும் நடுவே இதைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. மெமோ வாங்கிய மனிதர் சிரிக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் வந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

மார்ச் மாதத்தில் நூலகர் விடைபெறும் பத்தியை அடித்தார். ஜூன் பக்கத்தில், நூலகர் என்று பொதுவாக இருந்த இடத்தில் திரு. ஓஸ்வால்ட் என்று பெயர் போட்டார். அவர் இந்தப் பள்ளியில் ஓய்வு வயது வரை தொடர்வது கண்டு துறை பெருமிதம் கொண்டது என்று ஒரு வரி சேர்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா சூடு பிடித்துவிட்டது. ஜூன் 19 நிகழ்ச்சியையும் திருத்தினார். அன்றே அச்சகத்துக்கு அனுப்பினார்.

மார்ச் 27 அன்று ஓஸ்வால்ட் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அணிந்து, தேங்காய் பழத்தட்டைப் பெற்றுக்கொண்டு, அறிக்கையில் உள்ளபடி கண்ணீருடன் விடைபெற்றார். சிரிப்பை அடக்கியதால் வந்த கண்ணீர் அது. அவை கலங்கியது.

வீட்டில் நிலைமை அவ்வளவு சுகமில்லை. ஜூன் வரை பொறுத்துக்கொள் என்று மௌரீனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். பேனாவை என் கையில் கொடுத்தால் இருக்கிறேன் என்றாள். கொடுத்தார். ஏப்ரலும் மேயும் ஓஸ்வால்ட் பிழைகளை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த வேதனை எதிரிக்கும் வேண்டாம்.

ஜூன் முதல் தேதி காலை எட்டு மணிக்கு லிங்கராஜபுரத்துச் சந்தில் ஒரு கார் நுழைய முடியாமல் நின்றது. அதிலிருந்து நிருபமா மேடமும் முதல்வரும் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மேடத்தின் கையில் புத்தம்புது ஆண்டறிக்கை.

"மிஸ்டர் ஓஸ்வால்ட், நீங்க இதுல இருக்கேள்!" என்றார் மேடம் மூச்சு வாங்க. "எப்படி இருக்கேள்?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"அதைக் கேக்கல! புது லைப்ரரியனுக்கு ஆர்டர் அடிச்சு ரெடியா வச்சிருந்தேன். பக்கத்தை எடுத்தா உங்க பேர்!"

"அச்சுல அப்படித்தான் இருக்குதுன்னா, நான் என்ன பண்றது மேடம்?"

முதல்வர் மேடத்தைப் பார்த்தார். "பேரை மட்டும் மாத்த முடியாதா?"

"எப்படி சார்?" மேடத்துக்கு அந்தக் கேள்வியே அபசாரமாகப் பட்டது. "போர்டுக்குப் போயாச்சு. ஒம்பது வருஷமா ஒரு கமா மாறினதில்ல. எழுதியிருந்தா எழுதினதுதான்." குரல் உடைந்தது. "கிளம்புங்கோ மிஸ்டர் ஓஸ்வால்ட். ஒம்பது மணிக்கு நீங்க மாணவர்களைப் புன்னகையோட வரவேற்கறேள்."

ஓஸ்வால்ட் யோசிப்பதுபோல் கொஞ்சம் பாவனை செய்ய நினைத்தார். அதற்குள் மௌரீன் டிபன் காரியரையும் சிவப்புப் பேனாவையும் அவர் கையில் திணித்து, முதுகில் கை வைத்து வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

காரில் போகும்போதுதான் மேடம் ஜூன் 19 பக்கத்தைப் புரட்டினார். இரண்டு தடவை படித்தார். 'காலை பத்து மணிக்கு நூலகம் திறக்கப்பட்டது. புத்தகங்களின் உறைகள் கிழிக்கப்பட்டன. எல்லோரும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் பன்னிரண்டு மணி வரை படித்தார்கள். ஒருவரும் பேசவில்லை. படம் எடுக்கப்படவில்லை. துறைத்தலைவியும் முதல்வரும் படித்தார்கள்.'

"வரவேற்புரை?" என்றார் மேடம் ஈனஸ்வரத்தில்.

"இல்ல மேடம்."

"குத்துவிளக்கு?"

"காணோம்."

"நன்றியுரையாவது இருக்கணுமே! நன்றியுரை இல்லாம எப்படி முடியும்?"

"பன்னெண்டு மணி ஆனா முடிஞ்சிடும்னு நினைக்கிறேன் மேடம்."

பேசாமல் இருப்பதற்கு மூன்று நாள் ஒத்திகை நடந்தது. ஒத்திகையில் மேடம் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஜூன் 19 அன்று, அறிக்கை அறிக்கைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூவாயிரத்து இருநூறு உறைகள் கிழிகிற சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இடம் போதாமல் பிள்ளைகள் படிக்கட்டு முழுக்கப் பொன்மொழிகளுக்குக் கீழே உட்கார்ந்து படித்தார்கள். ஆஷ்லி இரண்டாவது புத்தகத்துக்குப் போய்விட்டாள். முதல்வர் முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். அறிக்கையில் அது இல்லை என்றாலும் எழுப்ப யாரும் பேசக்கூடாது. மேடம் புத்தகத்தை மடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பதினொன்றேகாலுக்கு ஒரு பக்கம் திருப்பினார். பதினொன்றரைக்கு மேல் கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

பன்னிரண்டு அடித்தது. ஒருவரும் எழவில்லை. பன்னிரண்டரைக்குப் பசி வந்து ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் மேடம் மட்டும் மேசைக்கு வந்தார். விரல் புத்தகத்துக்கு நடுவில் இருந்தது.

"மிஸ்டர் ஓஸ்வால்ட், இன்னும் அறுபது பக்கம் இருக்கு. அந்த மாமா என்ன ஆனார்னு தெரியல. ஆத்துக்கு எடுத்துண்டு போலாமா?"

ஓஸ்வால்ட் அறிக்கையைத் திறந்து, ஜூன் பக்கம் முழுவதையும் பொறுமையாக மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல அப்படி ஒண்ணும் இல்லையே, மேடம்."

மேடம் கதவுப் பக்கம் பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த முதல்வரைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, எழுதி வைக்காத ஒரு காரியத்தைச் செய்ய விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.